கிளாட் லாஜிக்கல் ரீசனிங் ப்ராக்டிஸ்: 9,999 ரூபா டெஸ்ட் சீரிஸும் ஓசி வினாத்தாளும்

2025 ஜூன்ல ஒரு நாள் அக்கா போன் பண்ணி "தம்பி, பாப்பா கிளாட் எழுதப் போறாளாம்டா, ஏதோ ஆன்லைன்ல டெஸ்ட் சீரிஸ் வாங்கணுமாம், நீ கொஞ்சம் பாத்து சொல்லு"ன்னு சொன்னப்பவே புரிஞ்சு போச்சு. பாத்து சொல்லுன்னா காசு கட்டுன்னு அர்த்தம். தாய்மாமன் சீர் இப்பல்லாம் இப்படித்தான் வருது, தட்டு தாம்பூலம் எல்லாம் இல்ல, யூபிஐ லிங்க் தான் வரும். சரின்னு உக்காந்து பாத்தேன், கட்டினேன், அப்புறம் ஆறு மாசம் அவ கூட உக்காந்து நானும் அந்த கேள்வியெல்லாம் போட்டேன், அந்த அனுபவம் தான் இது. நான் திருச்சில ஒரு பிரஸ்ல ப்ரூஃப் பாக்குற ஆளு, இருபது வருஷமா அடுத்தவன் எழுதினதுல தப்பு கண்டுபிடிச்சே சோறு சாப்பிடுறேன், அதனால கொஞ்சம் ஓவரா நோண்டுறான்னு தோணுச்சுன்னா பொறுத்துக்கோங்க.

தெரியாதவங்களுக்காக, கிளாட்ங்கிறது நேஷனல் லா யுனிவர்சிட்டிகள்ல அஞ்சு வருஷ சட்டப்படிப்பு சேர எழுதுற பரீட்சை. நம்ம ஊர் கவர்மென்ட் லா காலேஜுக்கு பிளஸ் டூ மார்க்கே போதும், அதனால தமிழ்நாட்டுல இதைப் பத்தி பேச்சே கம்மி, நீட்னா தெருவுக்கு நாலு போர்டு இருக்கும், கிளாட்னு கேட்டா "அது என்ன சார் பேங்க் எக்ஸாமா"ன்னு கேக்குறாங்க. இத்தனைக்கும் திருச்சி பக்கத்துல நவலூர் குட்டப்பட்டுல இருக்கிற நம்ம தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கே கிளாட் எழுதித்தான் போகணும். 2 மணி நேரம், 120 கேள்வி, தப்புக்கு கால் மார்க் போகும், முழுக்க இங்கிலீஷ்ல தான் இருக்கும். இங்கிலீஷ், கரன்ட் அஃபேர்ஸ், லீகல் ரீசனிங், லாஜிக்கல் ரீசனிங், கொஞ்சூண்டு கணக்கு. இதுல லாஜிக்கல், அதாவது ஒரு பத்தியைக் குடுத்து அதுல இருக்கிற வாதத்தை அலசச் சொல்றது, அது மட்டும் 22-ல இருந்து 26 கேள்வி வரும், இங்கிலீஷும் அதே அளவு. பாப்பாவுக்கு உதைச்சதே இந்த லாஜிக்கல் தான், அதனால மீதி பகுதியைப் பத்தி நான் எதுவும் பேசப்போறதில்ல.

முதல்ல அந்த டெஸ்ட் சீரிஸ். பேர் சொல்ல மாட்டேன், கேக்காதீங்க. 60 ஃபுல் மாக் (முழு மாதிரித் தேர்வு), 100 செக்ஷனல் டெஸ்ட் (ஒரு பகுதிக்கு மட்டும்), "எக்ஸ்பர்ட் ஃபேகல்ட்டி விளக்கம்", ஆல் இந்தியா ரேங்க், எல்லாம் சேத்து விலை 24,999, நமக்காக 9,999, ஆஃபர் முடிய இன்னும் 2 மணி நேரம் 14 நிமிஷம்னு சிவப்பு கலர்ல ஒரு கடிகாரம் ஓடிட்டு இருந்துச்சு. நானும் பதறிப்போய் கட்டிட்டேன். மறுநாள் சும்மா திறந்து பாத்தா அதே 2 மணி நேரம் 14 நிமிஷம். அன்னைக்கே உஷாராயிருக்கணும்.

முதல் பத்து நாள் நல்லா தான் போச்சு, பொய் சொல்லக்கூடாது. ஆப் வேகமா இருக்கு, ஸ்க்ரீன் சுத்தமா இருக்கு, எந்த பத்தியில எவ்வளவு நேரம் தங்கினோம்னு செகண்ட் கணக்குல காட்டும், அது உண்மையிலேயே உபயோகமான விஷயம், பாப்பா ஒவ்வொரு பத்தியையும் மூணு தடவ படிக்கிறான்னே அதைப் பாத்துத் தான் தெரிஞ்சுது. மார்க்கும் ஏறிட்டே வந்துச்சு. 24-க்கு 11, அப்புறம் 14, அப்புறம் 17, 19. அக்கா வீட்டுல கேசரி எல்லாம் கிண்டினாங்க.

அந்த கேசரி சாப்பிட்ட அன்னைக்கு ராத்திரி தான் நான் சும்மா ஒரு மாக் எடுத்து நானே போட்டுப் பாத்தேன். ஒரு பத்தி, தமிழ்நாட்டுல 2003-ல கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கினதைப் பத்தி, நிலத்தடி நீர் எப்படி ஏறுச்சு, மக்கள் எப்படி பராமரிக்காம விட்டுட்டாங்கன்னு நாலு பாரா. கேள்வி, இந்தப் பத்தியில இருந்து கீழ்க்கண்டவற்றுல எதை முடிவு செய்யலாம்னு. விடைன்னு அவங்க போட்டிருந்தது, மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கின முதல் மாநிலம் தமிழ்நாடுன்னு. நான் பத்தியை மேல இருந்து கீழ, கீழ இருந்து மேல தேடிட்டேன், முதல் மாநிலம்ங்கிற பேச்சே அதுல இல்ல. பாப்பாகிட்ட கேட்டேன், நீ என்ன போட்டேன்னு. "அதான் மாமா போட்டேன், கரெக்ட்னு வந்துச்சே, நம்ம தான ஃபர்ஸ்ட், அது ஜிகேல படிச்சிருக்கேனே"ன்னா. அவளுக்கு ஒரு மார்க் கிடைச்சுது, எனக்கு வயிறு எரிஞ்சுது.

ஏன்னா இந்த மாதிரி பரீட்சையோட அடிப்படையே பத்தியில என்ன இருக்கோ அதை மட்டும் வச்சு பேசணும்ங்கிறது தான். வெளியில உண்மையா இருக்கலாம், ஊருக்கே தெரிஞ்சதா இருக்கலாம், ஆனா பத்தி சொல்லலைன்னா அது விடை இல்ல. கோர்ட்டுல சாட்சி சொல்லாததை வக்கீல் எடுத்துப் பேசினா ஜட்ஜ் விடுவாரா, அதே தான். அந்த ஆப் என்ன பண்ணுச்சுன்னா, தப்பான பழக்கத்துக்கு மார்க் குடுத்து குடுத்து வளத்து விட்டுருச்சு. மார்க் ஏறுனதே அதனால தான். தப்பான கேள்வி தப்பான விடைன்னா கூட பரவாயில்ல, தப்பா யோசிக்கிறவளுக்கு சபாஷ் போடுற கேள்வி தான் விஷம். என்னோட இந்த ரிவ்யூவே இந்த ஒரு விஷயத்துக்காகத் தான்.

அதுக்கப்புறம் விடுவேனா, தொழில் புத்தி, பழைய மாக் எல்லாத்தையும் ஒண்ணு விடாம உக்காந்து பாத்தேன். ஏழாவது மாக்ல வந்த அதே பத்தி, அதே கேள்வி, அதே நாலு ஆப்ஷன், 23-வது மாக்லயும் இருக்கு. ஏழுல விடை பி, இருபத்தி மூணுல விடை டி. ரெண்டுக்கும் விளக்கம் வேற இருக்கு! விளக்கம்னா என்ன விளக்கம், "பத்தியின்படி ஆப்ஷன் பி சரியானது, மற்ற ஆப்ஷன்கள் தவறானவை", அவ்வளவு தான். இதுக்கு எக்ஸ்பர்ட் எதுக்குங்க, எங்க பிரஸ்ல டீ வாங்கித்தர்ற பையனே எழுதிடுவான். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து சப்போர்ட்ல போட்டேன், "ஹாய், எங்க அகாடமிக் டீம் பாத்துட்டு 48 மணி நேரத்துல பதில் சொல்வாங்க"ன்னு வந்துச்சு. இன்னும் அந்த 48 மணி நேரம் முடியல. பணத்தைத் திருப்பித் தாங்கன்னு கேட்டதுக்கு, வாங்கி ஏழு நாள் தாண்டிருச்சு, அதுவும் மூணு டெஸ்டுக்கு மேல எழுதிட்டா கிடையாதுன்னு சொல்லிட்டாங்க, அது கண்டிஷன்ல பொடி எழுத்துல இருந்திருக்கு, ப்ரூஃப் பாக்குறவன் நான் அதைப் படிக்காம விட்டது என் தப்பு.

ஒரு நியாயத்துக்காக இதையும் சொல்லிடுறேன். நிஜப் பரீட்சை நடத்துறவங்களே சறுக்கத் தான் செய்யுறாங்க. 2024 டிசம்பர்ல நடந்த கிளாட்ல ரெண்டு கேள்வியோட விடை தப்புன்னு டெல்லி ஹைகோர்ட் அதே மாசம் சொல்லுச்சு, அப்புறம் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 2025 மே மாசம் தான் ஒரு வழியா அடங்குச்சு. ஆனா அங்க ஒரு பிள்ளை கேஸ் போட்டு கேள்வி கேட்டா பதில் சொல்லியாகணும், இங்க 48 மணி நேரம் தான்.

சரி, ரெண்டாவது ஐட்டம். அக்கா வீட்டுக்காரர் மெட்ராஸ் போனப்ப மூர் மார்க்கெட்ல ஒரு கொழுத்த கைடு 120 ரூபாய்க்கு வாங்கிட்டு வந்தாரு, "இதுல எல்லாம் இருக்கு மாப்ள"ன்னு பெருமையா நீட்டினாரு. எல்லாம் இருந்துச்சு தான், ஆனா அது 2016 பதிப்பு. அந்தக் காலத்து கிளாட் வேற, 200 கேள்வி, ரத்த உறவு, திசை, ரெண்டு கூற்றுல இருந்து முடிவு சொல்ற சிலாஜிசம், இதுக்கு அது போல அதுக்கு எதுன்னு அனலாஜி, இப்படி ஒத்த வரி கேள்வியா இருக்கும். 2020-ல மொத்தமா மாத்திட்டாங்க, இப்ப ஏறக்குறைய 450 வார்த்தை பத்தி ஒண்ணு குடுத்து அதுல இருந்து நாலஞ்சு கேள்வி. இன்னமும் இந்த பழைய கைடை நம்பி "ராமுவின் மாமாவின் ஒரே மகள்"னு கட்டம் போட்டுட்டு இருந்தீங்கன்னா நேரம் தான் வீண். அதுக்காக குப்பையில போட்டுடாதீங்க, புதிர் மாதிரி கேள்வி கிளாட்ல அப்பப்ப எட்டிப் பாக்கும், அதோட டெல்லி நேஷனல் லா யுனிவர்சிட்டிக்கு தனியா ஐலெட்னு ஒரு பரீட்சை இருக்கு, அதுல 150-க்கு 70 கேள்வி லாஜிக்கல் தான், அங்க இந்த சரக்கு உதவும். மத்தபடி மத்தியானம் தூக்கம் வந்தா பத்து கேள்வி போட்டு முழிச்சுக்கலாம், அந்த அளவுக்கு ஓகே. 120 ரூபாய்க்கு குறை சொல்ல ஒண்ணும் இல்ல.

மூணாவது தான் விஷயம். காசே இல்ல. கிளாட் நடத்துற கன்சார்டியம், அதாவது அந்த நேஷனல் லா யுனிவர்சிட்டிகளோட கூட்டமைப்பு, அதோட வெப்சைட்டுலயே பழைய வினாத்தாளும் விடையும் கிடக்கு, எவனும் மதிக்கிறதில்ல, ஏன்னா ஓசி. புது மாடல்ல இதுவரைக்கும் ஏழு பேப்பர் வந்திருக்கு, கிளாட் 2020-ல இருந்து 2026 வரைக்கும் (இப்பல்லாம் டிசம்பர்ல நடக்கிற பரீட்சைக்கு அடுத்த வருஷத்துப் பேர் தான்). முதல் நாலும் 150 கேள்வி, 2024-ல இருந்து 120. இதுல லாஜிக்கலை மட்டும் கூட்டினா தோராயமா 190 கேள்வி வரும். அவ்வளவே தான் உலகத்துல இருக்கிற அசல் சரக்கு. பாப்பா உக்காந்தப்ப ஆறு பேப்பர் தான், கிட்டத்தட்ட 165 கேள்வி. அந்த ஆப் 3,000 கேள்வி குடுத்துச்சு, ஆனா நான் 3,000-ஐத் தூக்கிப் போட்டுட்டு இந்த 165-ஐ எடுத்துக்கன்னு சொன்னா எந்தப் பிள்ளை கேக்கும்? "மாமா, ஒரு வாரத்துல முடிச்சிருவேன், அப்புறம் என்ன பண்றது"ன்னு கேட்டா. முடிக்கக்கூடாதுன்னு தான் சொல்றேன் பாப்பான்னேன்.

நாங்க பண்ணது இது தான். 2020, 2021 ரெண்டையும் ஜெராக்ஸ் எடுத்து, விடைத்தாளை நான் வாங்கி என் பீரோவுல வச்சுக்கிட்டேன். நேரம் கிடையாது, ஒரு நாளைக்கு ஒரே பத்தி. நாலு ஆப்ஷன்ல சரியானது எதுன்னு டிக் அடிச்சா போதாது, மத்த மூணும் ஏன் இல்லங்கிறதை ஒத்த வரியில எழுதணும், தமிழ்ல எழுதணும். இங்க தான் அவளுக்கும் எனக்கும் சண்டை. பரீட்சை இங்கிலீஷ்ல இருக்கு, நான் ஏன் தமிழ்ல எழுதணும்னு. இங்கிலீஷ்ல எழுதச் சொன்னா பத்தியில இருக்கிற வார்த்தையையே திருப்பிப் போட்டு ஒரு வரி எழுதிடலாம், புரியாமலே எழுதலாம், நானே என் ஸ்கூல் காலத்துல அப்படித்தான் பாஸ் பண்ணேன். தமிழ்ல சொல்லணும்னா புரிஞ்சா தான் வாய் வரும். அவ அம்மா காய் நறுக்கும்போது பக்கத்துல உக்காந்து சொல்லணும், அக்காவுக்கு இங்கிலீஷ் பத்தி தெரியாது, ஆனா சொல்றதுல ஓட்டை இருந்தா "அது எப்படிடி"ன்னு ஒரு கேள்வி கேப்பாங்க பாருங்க, எக்ஸ்பர்ட் ஃபேகல்ட்டி எல்லாம் அந்த ஒத்தக் கேள்விக்கு முன்னாடி நிக்க முடியாது.

இதுல எனக்கே ஆச்சரியமான ஒண்ணு கிடைச்சுது. பாப்பா அடிக்கடி விழுந்த குழி, இங்கிலீஷ்ல "இஃப்", "ஒன்லி இஃப்" குழப்பம். ரெண்டும் ஒண்ணு மாதிரியே அவ கண்ணுக்குத் தெரியும். கைடுல வட்டம் போட்டு அம்புக்குறி போட்டு ஏழு பக்கம் விளக்கிருக்கான், ஏறல. ஒரு நாள் நான் சொன்னேன், உங்கப்பா உன் அண்ணன்கிட்ட என்ன சொன்னாரு, பாஸ் பண்ணா பைக் வாங்கித் தர்றேன்னாரா, பாஸ் பண்ணா தான் பைக்னாரா? ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியுதா? பாஸ் பண்ணா வாங்கித் தர்றேன்னா, அவன் பாஸ் ஆயிட்டா வாங்கித் தந்தே ஆகணும், ஃபெயிலானா என்னன்னு அவர் சொல்லவே இல்ல, பாவம்னு வாங்கித் தந்தாலும் தரலாம். பாஸ் பண்ணா தான்னா, ஃபெயிலானா கண்டிப்பா கிடையாது, பாஸானாலும் கிடைக்கும்னு உத்தரவாதம் இல்ல, மார்க் என்ன, காலேஜ் என்னன்னு இன்னும் நாலு கண்டிஷன் வரலாம். "ஆமா மாமா, அண்ணன் பாஸாயிட்டு போய் கேட்டதுக்கு அப்பா அப்படித்தான் மழுப்பினாரு"ன்னா. அந்த "தான்" தான் ஒன்லி இஃப். அன்லெஸ் வந்தா "இல்லேன்னா"ன்னு போட்டு பாரு, ஈவன் இஃப் வந்தா "-ஆலும்" போடு, படிச்சாலும், மழை பேஞ்சாலும். அன்னையில இருந்து அந்த குழியில அவ விழல. நாமெல்லாம் பொறந்ததுல இருந்து இந்த லாஜிக்கை வாயில வச்சுக்கிட்டே தான் சுத்துறோம், இங்கிலீஷ்ல பாத்ததும் பயந்துடுறோம்.

இன்னொண்ணு, அசம்ப்ஷன் கேள்வி. வாதம் வெளியில சொல்லாம உள்ளுக்குள்ள எதை நம்பிட்டு நிக்குதுன்னு கண்டுபிடிக்கணும். இதுக்கு ஒரு வழி இருக்கு, ஆப்ஷனைத் திருப்பிப் போட்டுப் பாக்கிறது, திருப்பிப் போட்டா வாதம் பொத்துன்னு விழுந்துச்சுன்னா அது தான் விடை. எங்க தெரு உதாரணம் சொல்றேன். தெருமுனையில பேக்கரி வந்த மாசத்துல இருந்து பக்கத்து டீக்கடையில வியாபாரம் பாதியாயிருச்சு, அதனால பேக்கரியை எடுத்துட்டா டீக்கடை பழையபடி ஓடும், இது வாதம். ஒரு ஆப்ஷன், பேக்கரி டீ டீக்கடை டீயை விட நல்லா இருக்கும். திருப்பிப் போடுங்க, பேக்கரி டீ நல்லா இல்ல. வாதம் விழுந்துச்சா? இல்லையே, ஜனங்க பப்ஸுக்கும் ஃபேனுக்கும் போயிருக்கலாமே. அப்ப அது விடை இல்ல. இன்னொரு ஆப்ஷன், வியாபாரம் குறைய வேற பெரிய காரணம் எதுவும் இல்ல. திருப்பினா, வேற பெரிய காரணம் இருக்கு, அதாவது அதே மாசம் பாதாள சாக்கடைக்கு தெருவைத் தோண்டிப் போட்டுட்டு போயிட்டான், டீக்கடை வாசல்ல நிக்கவே இடமில்ல. முடிஞ்சுது வாதம். (உண்மையிலயே தோண்டிப் போட்டாங்க, ரெண்டு மாசம் கிடந்துச்சு, அது தனிக்கதை.) வீக்கன் பண்ணு, அதாவது வாதத்தை பலவீனமாக்குன்னு கேட்டா அந்த சாக்கடை தான் விடை, ஸ்ட்ரெங்தன்னு கேட்டா, பேக்கரி லீவு விட்ட நாள்ல எல்லாம் டீக்கடையில கூட்டம் பழையபடி இருந்துச்சுங்கிற மாதிரி வரும். ஒரே வாதத்தை வச்சு மூணு கேள்வி. அசல் பேப்பர் இப்படித்தான் பின்னுது, நம்ம ஆப் இதையெல்லாம் தொடவே இல்ல, பத்தியில மூணாவது வரியில என்ன இருக்குன்னு தேடுற கேள்வி தான் முக்கால்வாசி.

ஆப்ஷன் ஏன் தப்புன்னு அவ எழுதின நோட்டைப் புரட்டினா நாலே வகை தான் திரும்பத் திரும்ப வந்துச்சு. பத்தி "சில"ன்னு சொன்னதை ஆப்ஷன் "எல்லா"ன்னு ஆக்கிடும். பத்தி பேசாத ஊருக்குப் போயிடும். காரணத்தையும் விளைவையும் தலைகீழா மாட்டிடும். கடைசி வகை தான் நம்ம மழைநீர், வெளியில உண்மை, பத்தியில இல்ல. ஆகஸ்ட்ல நோட்டுல கடைசி வகை தான் பக்கம் பக்கமா, கரன்ட் அஃபேர்ஸ் விழுந்து விழுந்து படிக்கிற பிள்ளைக்கு இது கூட ஒரு நோய் மாதிரி வரும் போல. அக்டோபர் வாக்குல அது குறைஞ்சு "சில - எல்லா" தான் மிஞ்சுச்சு. எங்க பிரஸ் பாஷையில சொன்னா, எழுத்துப்பிழை போயிருச்சு, ஒற்றுப்பிழை தான் பாக்கி.

2022, 2023 பேப்பரை செப்டம்பர், அக்டோபர்ல நேரம் வச்சுப் போட்டோம், லாஜிக்கல் பகுதி மட்டும். 2024, 2025 ரெண்டையும் தொடவே விடல, நவம்பர் ஞாயித்துக்கிழமைல மத்தியானம் 2-ல இருந்து 4 வரைக்கும், பரீட்சை நேரமும் அதே தான், சாப்பிட்டுட்டு கண்ணு சொக்குற நேரத்துல ஓஎம்ஆர் ஷீட்ல பேனாவால கருப்படிச்சு முழுசா எழுத வச்சேன். இது முக்கியம், பரீட்சை பேப்பர்ல தான் நடக்குது, ஆப்ல எழுதிப் பழகினவ முதல் தடவ ஓஎம்ஆர்ல ஒரு வரிசை தள்ளி அடிச்சுட்டு போயிட்டா, பதினோரு கேள்வி அம்போ. வீட்டுல நடந்ததால தப்பிச்சோம். கேள்வியெல்லாம் நல்லாவே தெரிஞ்சும் இப்படி கோட்டை விட்டா யார்கிட்ட போய் சொல்றது.

கெஸ் அடிக்கிறதைப் பத்தியும் ஒரு சண்டை. கால் மார்க் போகுமேன்னு அவ தெரியாததை எல்லாம் விட்டுட்டு வந்தா. கணக்கு போட்டு காட்டினேன், நாலுல கண்ணை மூடிட்டு ஒண்ணு அடிச்சா சராசரியா கேள்விக்கு 0.06 மார்க் தேறும், ஒண்ணும் பிரயோஜனமில்ல, நேரம் தான் போகும். ஆனா ரெண்டு ஆப்ஷனை தூக்கிப் போட்டுட்டு மீதி ரெண்டுல ஒண்ணு அடிச்சா 0.375. அதை விடலாமா? லாஜிக்கல்ல எப்பவுமே ரெண்டு ஆப்ஷன் சுலபமா விழும், கடைசி ரெண்டுல தான் மல்லுக்கட்டு.

அசல் சரக்கு தீந்து போனா என்ன பண்றதுன்னு கேப்பீங்க. எங்களுக்கு உதவினது அமெரிக்காக்காரன் எல்சாட். அங்க லா ஸ்கூல் சேர எழுதுறது, நடத்துறவங்களே லாஹப்னு ஒரு தளத்துல சில முழு பேப்பரை ஓசியா போட்டிருக்காங்க, அக்கவுன்ட் திறந்தா போதும். 2024 ஆகஸ்ட்ல இருந்து அதுல லாஜிக் கேம்ஸ்னு இருந்த புதிர் பகுதியை எடுத்துட்டாங்க, அதனால இப்ப லாஜிக்கல் ரீசனிங்கும் ரீடிங்கும் தான். நாங்க போட்டது லாஜிக்கல் ரீசனிங் மட்டும், அதுல ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனியா சின்ன பத்தி, அஞ்சு ஆப்ஷன், ஒவ்வொண்ணும் செதுக்கின மாதிரி இருக்கும், ஒரு வார்த்தை கூட சும்மா இருக்காது, ப்ரூஃப் பாக்குறவனா சொல்றேன், படிக்கவே சந்தோஷமா இருந்துச்சு. ஆனா கிளாட்டை விட கஷ்டம், டிகிரி முடிச்சவங்களுக்கானது, பிளஸ் டூ பிள்ளைக்கு ஜூன்லயே குடுத்தா அழுதுடும். பாப்பா செப்டம்பர்ல தான் ஆரம்பிச்சா, முதல் நாள் 10-க்கு 3. "மாமா இதை எழுதினவன் மனுஷனே இல்ல"ன்னா. ஒரு நாளைக்கு அஞ்சு கேள்விக்கு மேல போடலைன்னு வச்சுக்கிட்டோம். நீளப் பத்தி படிக்கிற பழக்கம் இந்த லாஜிக்கல் பகுதியில வராது, அதுக்கு மாவட்ட மைய நூலகத்துல போய் இங்கிலீஷ் பேப்பர் தலையங்கம் ஒண்ணு படிச்சுட்டு, இந்த ஆளு கடைசியா என்ன தான் சொல்ல வர்றாருன்னு ஒத்த வரி, அதுக்கு என்ன காரணம் காட்டுறாருன்னு ரெண்டு வரி. கஷ்டமான வார்த்தையை லிஸ்ட் எடுத்து மனப்பாடம் பண்றதெல்லாம் நாங்க பண்ணல, பண்றவங்க பண்ணுங்க, இப்ப கேக்குறது பத்திக்குள்ள அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு தான்.

அப்ப அந்த 9,999 முழுக்க வேஸ்டான்னா, முழுக்கன்னு சொல்ல மாட்டேன். கரன்ட் அஃபேர்ஸ் செக்ஷன் சுமாரா இருந்துச்சு, நேரம் காட்டுற வசதி நல்லா இருந்துச்சு, நவம்பர்ல முழு மாக் எழுதி உக்காந்து பழக அது தேவைப்பட்டுச்சு, ரெண்டு மணி நேரத்துல எட்டாயிரம் ஒன்பதாயிரம் வார்த்தை படிக்கிற உடம்பு வேணுமே, அதுக்கு மட்டும் எழுத வச்சு, லாஜிக்கல் மார்க்கைப் பாக்காதேன்னு சொல்லிட்டேன். அந்த ரேங்க் போர்டு தான் பெரிய தொல்லை, எவனோ ஒருத்தன் தினமும் 120-க்கு 118 எடுத்து முதல்ல நிப்பான், யார் அவன், நிஜமாவே இருக்கானான்னு சந்தேகம், அவனைப் பாத்து பாத்து இவ ரெண்டு நாள் சாப்பிடல. கடைசியில அந்தப் பக்கத்தை திறக்கக்கூடாதுன்னு அக்கா சத்தியம் வாங்கிட்டாங்க.

வாங்குறதுன்னா வாங்குங்க, ஆனா வாங்குறதுக்கு முன்னாடி இதைப் பண்ணுங்க. அநேகமா எல்லா கம்பெனியும் ஒரு மாக் ஓசியா தரும். அதுல லாஜிக்கல் பத்தி ரெண்டை மட்டும் எடுத்து, விளக்கத்தைப் படிங்க. தப்பான ஆப்ஷன் ஒவ்வொண்ணும் ஏன் தப்புன்னு தனித்தனியா எழுதிருக்கானா? விடைக்கு ஆதாரமான வரியை பத்தியில விரல் வச்சு காட்ட முடியுதா? அசல் பேப்பர் ஒண்ணை பக்கத்துல வச்சுப் பாத்தா ரெண்டும் ஒரே ஜாதியா தெரியுதா? மூணுல ஒண்ணுக்கு இல்லேன்னு வந்தாலும் கடிகாரம் எவ்வளவு சிவப்பா ஓடினாலும் மூடிட்டு போயிடுங்க. பரீட்சைக்கு விண்ணப்பமே 4,000 ரூபா, எஸ்சி எஸ்டி பிள்ளைகளுக்கு 3,500, அதுவே நம்மள மாதிரி குடும்பத்துக்கு சின்ன காசு இல்ல.

ஸ்டார் குடுக்கணும்னா, அந்த பேர் சொல்லாத டெஸ்ட் சீரிஸுக்கு அஞ்சுக்கு ஒண்ணரை, அந்த அரையும் நேரம் காட்டுறதுக்காக. மூர் மார்க்கெட் கைடுக்கு ரெண்டு. எல்சாட் ஓசி பேப்பருக்கு நாலு. பழைய கிளாட் வினாத்தாளுக்கு நாலரை, ஏன் அரை குறைச்சேன்னா விடை மட்டும் தான் போடுறாங்க, ஏன்னு ஒரு வரி கிடையாது, அதையும் போட்டா எத்தனையோ பிள்ளைங்க டியூஷன் இல்லாமலே தேறும்.

2025 டிசம்பர் 7 கிளாட் எழுதினா, அடுத்த ஞாயிறு ஐலெட்டும் எழுதினா. மார்க் எவ்வளவு, எந்த காலேஜ்னு வெளியில சொல்லக்கூடாதுன்னு எனக்கு கண்டிப்பான உத்தரவு, இதை டைப் பண்றேன்னு தெரிஞ்சதும் முதல்ல அதைத் தான் கேட்டா. பரீட்சை முடிஞ்சு வெளிய வந்ததும் என்ன சொன்னாங்கிறதை மட்டும் சொல்லிடுறேன், "மாமா, ஒரு பத்தியில எனக்கு நல்லா தெரிஞ்ச விஷயமா வந்துச்சு, வேணும்னே தெரியாத மாதிரி நடிச்சுட்டு படிச்சேன்"னா.

ஆப் மட்டும் இன்னமும் என் நம்பருக்கு மெசேஜ் அனுப்பிட்டு இருக்கு, "ஹாய் சாம்பியன், உங்க கனவு காலேஜ் காத்திருக்கு, ஆஃபர் முடிய இன்னும் 2 மணி நேரம்"னு.